பூங்கா இருக்கு... சாவி யார்கிட்ட?

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. ``தினமும் 40 நிமிஷம் நடங்கம்மா'' என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவருடைய வாக்கிங் மொட்டைமாடியில்தான். தண்ணீர் டேங்கில் ஆரம்பித்து, துணி காயப்போடும் கம்பி வரைக்கும் 22 அடி. திரும்பினால் மறுபடியும் 22 அடி. தலை சுத்துது என்று ஒருநாள் தெருவில் இறங்கினார். மூன்றாவது நாளே பின்னால் வந்த பைக்கின் ஹேண்டில்பார் முழங்கையில் இடித்துவிட்டுப் போனது. அடுத்த நாளிலிருந்து பழையபடி டேங்க், கம்பி, டேங்க், கம்பி.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த மொட்டைமாடியில் நின்று பார்த்தால் ஒரு பூங்கா தெரியும். சுற்றிக் கம்பிவேலி, உள்ளே நாலைந்து புங்க மரங்கள், இடுப்பு உயரத்துக்குப் பார்த்தீனியம், பச்சை பெயின்ட் அடித்த கேட். கேட்டில் பூட்டு.

``அங்கே போய் நடக்கலாமேம்மா?''

``அது எப்பவும் பூட்டித்தான கண்ணு கெடக்குது... சாவி யார்கிட்ட இருக்குதோ, யாரு கண்டா?''

ஊர் பெயர் வேண்டாம். கொங்குப் பக்கம், பதினைந்து வருடங்களுக்கு முன்புவரை தென்னந்தோப்பும் சோளக்காடுமாக இருந்து, இப்போது `நகர்', `கார்டன்', `அவென்யூ' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு விளிம்பு ஏரியா. உங்கள் ஊராக இருந்தாலும் ஆச்சர்யமில்லை. அம்மா சும்மா கேட்டுவிட்டுப் போன அந்தக் கேள்விக்கு நான் விடை தேட ஆரம்பித்தபோதுதான் ஒரு விஷயம் புரிந்தது. பூங்காவுக்கு இடம் இல்லை என்பது பாதிப் பொய்.

நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்த இடம்

ஒரு புரமோட்டர் விவசாய நிலத்தை வாங்கி மனைகளாகப் பிரிக்கும்போது, தன் இஷ்டத்துக்கு மொத்த நிலத்தையும் கூறுபோட்டு விற்றுவிட முடியாது. `தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019' என்று ஒன்று இருக்கிறது. அதன்படி, நிலத்தின் பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் (அதாவது சுமார் இரண்டரை ஏக்கர்), சாலைகள் போக மீதியிருக்கும் இடத்தில் 10 சதவிகிதத்தைப் பூங்காவுக்கோ விளையாட்டு மைதானத்துக்கோ ஒதுக்க வேண்டும். ஒதுக்கினால் மட்டும் போதாது, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப்பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். `இடத்துக்குப் பதில் பணம் கட்டிவிடுகிறேன்' என்று நழுவ முடியாது. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையிலான சிறிய லேஅவுட்களுக்கு மட்டும் இடம் அல்லது அதற்குரிய பணம் என்ற வாய்ப்பு உண்டு. அதற்கும் கீழே என்றால் எதுவும் தேவையில்லை.

ரியல் எஸ்டேட் வட்டாரத்தில் இதற்கு `ஓ.எஸ்.ஆர் இடம்' என்று பெயர். மனை வாங்கும்போது ``கிழக்கு பார்த்த சைட், எதிர்லயே பார்க் வருது சார்'' என்று புரோக்கர் சொல்லியிருப்பாரே, அதுதான் இது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 10 ஏக்கர் லேஅவுட். சாலைகளுக்கு 3 ஏக்கர் போய்விட்டது என்று வைத்துக்கொண்டால் மீதி 7 ஏக்கர். அதில் 10 சதவிகிதம் 70 சென்ட், அதாவது சுமார் 30,500 சதுர அடி. இந்த 70 சென்ட்டை புரமோட்டர் தன் பாக்கெட்டிலிருந்து தருவதில்லை. அதன் விலையையும் சேர்த்துத்தான் மற்ற மனைகளின் சதுர அடி ரேட் முடிவாகிறது. ஆக, அந்தப் பூங்காவுக்கு உங்கள் அப்பா கட்டிய, இன்னும் கட்டிக்கொண்டிருக்கிற இ.எம்.ஐ-யில் ஒரு பங்கு இருக்கிறது.

அதே 30,500 சதுர அடியை 1,200 சதுர அடி மனைகளாகப் பிரித்தால் 25 மனைகள் கிடைக்கும். இந்த ஒரு கணக்கு போதும், பூங்கா இடங்கள்மீது ஏன் இத்தனை பேருக்குக் கண் என்று புரிந்துகொள்ள.

இதெல்லாம் அப்ரூவ்டு லேஅவுட்களின் கதை. அனுமதியே வாங்காமல் கல் நட்டு விற்ற மனைப்பிரிவுகளில் பெரும்பாலும் பூங்கா என்ற பேச்சே இருக்காது. அப்படி உருவானவற்றை வரன்முறைப்படுத்த 2017-ல் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்தது. வீடுகள் எழும்பிய பிறகு பூங்காவுக்கு நிலத்தை எங்கிருந்து எடுப்பது? கட்டணம்தான் வாங்க முடியும். கட்டணம் கட்டிய ரசீதின் நிழலில் யாரும் உட்கார முடியாது.

பூங்கா காணாமல்போவது எப்படி?

ஒரே நாளில் யாரும் வந்து பூங்காவைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. அது நிதானமாக நடக்கும். முதலில் இடம் சும்மா கிடக்கும். முள் வளரும். பாம்பு வருகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொந்தச் செலவில் சுத்தம் செய்து வேலி போடுவார். பாவம், நல்லெண்ணம்தான். அப்புறம் வேலிக்குள் அவர் கார் நிற்கும். கார் வெயிலில் காயக் கூடாது என்று ஒரு ஷீட் கூரை வரும். இன்னொரு மூலையில் டிரான்ஸ்ஃபார்மர், இன்னொன்றில் குப்பைத் தொட்டி, அதற்குப் பக்கத்தில் ஒரு கட்சிக் கொடிக்கம்பம்.

இதைவிடச் சிக்கலானது ஒன்று உண்டு. மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை, அங்கன்வாடி எல்லாம்கூட பூங்கா இடத்தில்தான் வரும். `அங்கன்வாடி வேண்டாம்' என்று யாராவது சொல்வார்களா? ஏரியாவில் அரசின் பெயரில் இருக்கிற ஒரே காலியிடம் அதுதான் என்பதால், வருகிற எல்லாத் தேவைக்கும் அதிலேயே கை வைக்கிறார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயம். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் 70 சென்ட் பூங்கா, 15 சென்ட் ஆகியிருக்கும். என் கட்சி இதுதான்: அங்கன்வாடிக்கு இடம் தனியாக ஒதுக்கட்டும், அங்கே வருகிற குழந்தைகள் ஓடி விளையாடவும் பக்கத்தில் பூங்கா இருக்கட்டும்.

இப்படிக் கைமாறும் பூங்காக்களுக்காக மக்கள் போராடி ஜெயித்த முக்கியமான வழக்கு ஒன்று பெங்களூரில் நடந்தது. ஓசூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் மர நிழல் தேடி லால்பாக்குக்கு வண்டியெடுக்கிறார்களே, அதே பெங்களூர்தான். அங்கே ஒரு குடியிருப்பில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய நிலத்தை, நர்ஸிங் ஹோம் கட்டத் தனியார் மருத்துவ அறக்கட்டளைக்கு ஒதுக்கினார்கள். அந்தப் பகுதிவாசிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். `ஆஸ்பத்திரியும் மக்களுக்குத்தானே' என்ற வாதம் எடுபடவில்லை. 1991-ல் உச்ச நீதிமன்றம், திட்டத்தில் பூங்கா என்று குறித்த இடத்தைத் தனியாருக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களுக்கே இதைத் தட்டிக்கேட்க உரிமை உண்டு என்பதும் அந்தத் தீர்ப்பில் உறுதியானது. முன்பின் தெரியாத அந்தப் பகுதிவாசிகளுக்கு ஒரு நன்றி. இன்றைக்கும் பூங்கா வழக்கு என்றால் வக்கீல்கள் எடுத்து நீட்டுகிற தீர்ப்பு அது.

300 மீட்டர் டெஸ்ட்

`ஊருக்குள்ளதான் பெரிய பார்க் இருக்கே, அங்கே போக வேண்டியதுதானே?' என்று கேட்பவர்கள் உண்டு. சென்னையில் செம்மொழிப் பூங்கா, கோவையில் காந்திபுரம் சிறை வளாக நிலத்தில் இன்னொரு செம்மொழிப் பூங்கா என்று பெரிய பூங்காக்கள் வருவது சந்தோஷமான விஷயம்தான். ஆனால், அது வருடத்துக்கு இரண்டு முறை சொந்தக்காரர்கள் வந்தால் கூட்டிப்போகும் இடம். சர்க்கரைக்காக நடப்பதற்கு ரெண்டு பஸ் மாறி யாரும் போக மாட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2017-ல் வெளியிட்ட வழிகாட்டி ஒன்றில் எளிமையான அளவுகோல் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 300 மீட்டருக்குள், அதாவது சுமார் ஐந்து நிமிட நடையில், குறைந்தது அரை ஹெக்டேர் அளவுக்குப் பொதுப் பசுமைவெளி இருக்க வேண்டும். அரை ஹெக்டேர் என்றால் நம் கணக்கில் ஒண்ணேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. நகர்ப்புற வனவியல் நிபுணர் செசில் கோனினென்டைக் இதை இன்னும் நீட்டி `3-30-300' என்று ஒரு விதி சொன்னார். வீட்டிலிருந்து பார்த்தால் 3 மரங்களாவது தெரிய வேண்டும், ஏரியாவின் 30 சதவிகிதத்தை மரங்களின் தழை மூடியிருக்க வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா இருக்க வேண்டும்.

இப்போதே செய்து பார்க்கலாம். போனில் கூகுள் மேப்ஸைத் திறந்து, உங்கள் வீட்டின்மீது விரலை வைத்து அழுத்தினால் தூரம் அளக்கும் வசதி வரும். 300 மீட்டருக்குள் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த ரிசல்ட்: மூன்று மொபைல் கடைகள், இரண்டு பேக்கரிகள், ஒரு கல்யாண மண்டபம், பூட்டிய பூங்கா ஒன்று.

நம் நாட்டுக் கணக்கும் உண்டு. மத்திய அரசு 2014-ல் வெளியிட்ட நகரத் திட்டமிடல் வழிகாட்டு நெறிமுறைகள், ஒரு நபருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி இருக்க வேண்டும் என்கின்றன. 2 லட்சம் பேர் வாழும் ஊருக்குக் குறைந்தபட்சம் 20 லட்சம் சதுர மீட்டர், கிட்டத்தட்ட 494 ஏக்கர். தலை சுத்துதா? எனக்கும் சுத்தியது. ஏற்கெனவே கட்டி முடித்த ஊரில் 494 ஏக்கரை வாங்க எந்த நகராட்சியிடமும் பணம் இருக்காது. அதனால்தான் லேஅவுட்டுக்கு லேஅவுட் சிதறிக்கிடக்கும் இந்த 40 சென்ட், 70 சென்ட் இடங்கள் முக்கியமாகின்றன. ஐரோப்பிய அளவுக்குக் கொஞ்சம் சின்னதுதான். ஆனால், வீட்டுப் பக்கத்தில் இருக்கின்றன, ஏற்கெனவே பொதுச்சொத்து, விலை கொடுக்கத் தேவையில்லை.

மரம் என்ன செய்யும் என்பது ஏப்ரல் மாதம் நம்மூரில் வாழும் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கான்கிரீட்டும் தாரும் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு ராத்திரியில் கக்கும். மரம் நிழலும் தரும், இலை வழியே நீராவியை விட்டுச் சுற்றியுள்ள காற்றையும் குளிர்விக்கும். உடம்புக்கு மட்டுமா? 1984-ல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை ஆபரேஷன் முடிந்த நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார். ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறைகளில் இருந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்த அறைகளில் இருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. மொத்தமே 46 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். ஆனாலும், ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு பாத்ரூம் பைப்பை மட்டுமே பார்த்து வொர்க் ஃப்ரம் ஹோம் செய்த தலைமுறைக்கு அது சொல்வது புரியும்.

கேட் திறந்திருந்தால் மட்டும் போதுமா?

பூட்டைத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் அந்த நினைப்பை மாற்றினார். சின்ன வயதில் போலியோ வந்து, மூன்று சக்கர வண்டியில் போய்த் தையல் கடை நடத்துபவர். ``நீங்க பூட்டைத் திறக்கறதுக்கு இந்தப் பாடு படுறீங்க. திறந்தா மட்டும் நான் உள்ள வந்துருவனா? கேட்டுல ரெண்டு படி இருக்குதே, பார்த்தீங்களா?''

பார்க்கவே இல்லை. அத்தனை நாள் அந்தக் கேட்டைப் பார்த்தும் படிகள் கண்ணில் படவில்லை. ஏனென்றால் எனக்கு அவை தடையாக இல்லை.

ஒரு படி 6 இன்ச் என்றால் இரண்டு படி ஓர் அடி உயரம். மத்திய அரசின் தடையற்ற கட்டமைப்புக்கான 2021 வழிகாட்டு நெறிமுறைகள்படி சாய்வுதளம் 1-க்கு 12 என்ற கணக்கில் இருக்க வேண்டும். ஓர் அடி ஏற, 12 அடி நீளத்துக்குச் சரிவு வேண்டும். நம்மூரில் பெரும்பாலும் மூன்றடி நீளத்துக்கு சிமென்ட்டைக் கொட்டி மேடாக்கி, `ரேம்ப் போட்டாச்சு' என்பார்கள். அதில் ஸ்கூட்டர் ஏறும், சக்கர நாற்காலி ஏறாது. ஏறினால் பின்னால் சாயும். சில பூங்காக்களில் பைக் நுழையக் கூடாது என்று வளைந்து வளைந்து போகும் கம்பி கேட் வைத்திருப்பார்கள். பைக்கோடு சேர்த்துச் சக்கர நாற்காலியையும், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வருகிற அம்மாவையும் வெளியே நிறுத்துகிற கேட் அது.

சரியாகச் செய்தால் என்ன நடக்கும் என்பதைச் சென்னை மெரினாவில் பார்த்தோம். 2022 நவம்பரில் மணல்மீது மரப்பாதை போட்டு, மாற்றுத்திறனாளிகள் அலைக்குப் பக்கத்திலேயே போக வழி செய்தார்கள். இத்தனை காலம் தூரத்திலிருந்தே பார்த்த கடலை அருகில் போய்ப் பார்த்தவர்களின் முகங்கள் மறக்க முடியாதவை. இரண்டே வாரங்களில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பிய்த்துப்போட்டது வேறு கதை. சரிசெய்து மறுபடியும் திறந்தார்கள்.

படி மட்டுமல்ல, நேரமும் ஒரு பூட்டுதான். காலை 5 முதல் 9, மாலை 4 முதல் 8 என்று போர்டு வைத்தால், ஷிஃப்ட் முடித்து 10 மணிக்கு வரும் மில் தொழிலாளிக்கு அந்தப் பூங்கா இல்லை. மதியம் 2 மணிக்கு ஆர்டருக்கும் ஆர்டருக்கும் நடுவே நிழல் தேடும் டெலிவரி தம்பிக்கும் இல்லை. டாய்லெட் இல்லாத பூங்காவில் பெண்கள் அரை மணி நேரத்துக்குமேல் இருக்க மாட்டார்கள். விளக்கு எரியாவிட்டால் 6 மணிக்கே கிளம்பிவிடுவார்கள். காதலர்கள் உட்காரக் கூடாது என்று பெஞ்சைப் பெயர்த்தெடுத்த பூங்காக்கள்கூட உண்டு. அங்கே காதலர்கள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள், உட்கார இடமில்லாமல் நிற்பது மூட்டுவலிப் பாட்டிகள்!

ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் 1990-களில் ஒன்றைக் கவனித்தார்கள். ஒன்பது, பத்து வயதைத் தாண்டிய பெண் குழந்தைகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைந்தது. பையன்களுக்குக் குறைந்த மாதிரி தெரியவில்லை. காரணம், நடுவில் ஒரே பெரிய மைதானம்; அதை முழுசாகப் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். சண்டை போட்டு இடம் பிடிக்காமல் பெண் பிள்ளைகள் ஒதுங்கிவிட்டார்கள். நகராட்சி இரண்டு பூங்காக்களை மாற்றி வடிவமைத்தது. பெரிய மைதானத்தைச் சின்னச் சின்ன இடங்களாகப் பிரித்தார்கள், வேறு விளையாட்டுகளுக்கும் இடம் விட்டார்கள், நடைபாதையை மேம்படுத்தினார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். நம் ஏரியாவில் `கிரவுண்டு' என்றால் கிரிக்கெட் என்று மட்டுமே அர்த்தமாக இருப்பதை நினைத்துக்கொண்டேன்.

சாவியைத் தேடி

சரி, எங்கள் பூங்காவுக்கு வருகிறேன். வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருந்த லேஅவுட் வரைபடத்தை அப்பாவின் பீரோவிலிருந்து எடுத்தேன். ஓரத்தில் அப்ரூவல் எண், சர்வே எண்கள், நடுவே பச்சைக் கட்டத்துக்குள் `பார்க்' என்று தெளிவாக இருந்தது. உங்களிடம் வரைபடம் இல்லை என்றால் பக்கத்து மனைக்காரரிடம் இருக்கும், இல்லையென்றால் நகர் ஊரமைப்புத் துறை அலுவலகத்தில் கேட்கலாம். சர்வே எண் தெரிந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழைப் போனிலேயே பார்க்கலாம். உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்த தானப்பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். பதிவாகவே இல்லை என்றால் உஷாராக வேண்டும். அந்த இடம் இன்னும் பழைய ஓனர் பெயரிலேயே இருக்கிறது, நாளைக்கே யாருக்காவது விற்றாலும் விற்பார்.

அடுத்து ஆர்.டி.ஐ. 10 ரூபாய் கட்டணம், ஒரு பக்கக் கடிதம். உள்ளாட்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு நான் கேட்டவை: இந்த அப்ரூவல் எண் கொண்ட லேஅவுட்டில் பூங்காவுக்கு ஒதுக்கிய பரப்பு எவ்வளவு, தானப்பத்திர எண் என்ன, பூங்காவின் பராமரிப்பு யார் பொறுப்பு, திறந்திருக்கும் நேரம் என்ன, சாவி யாரிடம் உள்ளது? கடைசிக் கேள்வியை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். எனக்கு 27-வது நாள் பதில் வந்தது. 62 சென்ட். தானப்பத்திரம் பதிவாகியிருக்கிறது. `பொதுமக்கள் பயன்பாட்டுக்குத் திறந்து வைக்கப்பட்டுள்ளது' என்றும் இருந்தது!

அந்தக் காகிதத்தின் ஜெராக்ஸ்தான் வேலை செய்தது. நகர்ப்புறங்களில் வார்டு கமிட்டி, ஏரியா சபை என்று 2022 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. கிராம ஊராட்சி என்றால் கிராம சபை. இன்ஸ்டாவில் ஸ்டோரி போடுவதைவிட, அங்கே போய் எழுந்து நின்று கேட்பதுதான் கஷ்டம். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால், கேள்வி மினிட்ஸ் நோட்டில் ஏறிவிட்டால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும். எங்கள் கூட்டத்தில் தையல் கடை அக்காவும் வந்திருந்தார். ``படிக்கும் சேர்த்து எழுதுங்க'' என்று அவரே சொல்லி எழுதவைத்தார்.

சாவி, மூன்று வருடங்களுக்கு முன் வேறு ஊருக்கு மாறிப்போன ஒருவரிடம் இருந்திருக்கிறது. பூட்டை உடைத்தார்கள்.

இப்போது அம்மா காலையில் ஆறு மணிக்குப் போகிறார். ஒரு சுற்றுக்கு 210 அடி வருகிறது என்று கணக்கு வைத்திருக்கிறார். கூட நாலு பேர் சேர்ந்துவிட்டதால் 40 நிமிஷம் ஒரு மணி நேரம் ஆகிறது, அதில் பாதி நேரம் பேச்சு. பார்த்தீனியத்தைப் பிடுங்கியாகிவிட்டது. கார் ஷெட் இன்னும் இருக்கிறது, நோட்டீஸ் போயிருக்கிறதாம். சாய்வுதளத்துக்கு அளவெடுக்க வந்தவர் ``அஞ்சடி போதுங்க'' என்றார். 12 அடி என்று வழிகாட்டு நெறிமுறையின் பக்கத்தைப் போனில் காட்டியிருக்கிறோம். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார். அக்கா தினமும் கடைக்குப் போகிற வழியில் கேட்டருகே வண்டியை நிறுத்தி, ``என்னாச்சுங்க?'' என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்.